பொருளாதாரம் வளர்ந்தும் வறுமை நீடிப்பது ஏன்?

ஒரு நாட்டின் பொருளாதாரம் ஆண்டுதோறும் 6 விழுக்காடு, 7 விழுக்காடு என்று வளர்ந்துகொண்டிருக்கும்போது, அந்நாட்டு மக்களில் கோடிக்கணக்கானோர் உணவுக்கும் மருந்துக்கும் இன்னும் திண்டாடுவது எப்படி என்ற கேள்வி, சிங்கப்பூரில் தமிழ்ச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அடிக்கடி எழக்கூடியது. உலகின் மிக வேகமாக வளரும் பெரிய பொருளாதாரங்களுள் இந்தியாவும் ஒன்று என்று செய்தி வருகிறது. அதே நாட்டின் சிற்றூர்களிலிருந்து முகவருக்குக் கொடுக்கக் கடன் வாங்கிக்கொண்டு இங்கே கட்டுமான வேலைக்கு வருபவர்களையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். இரண்டும் உண்மைதான். ஒன்றை வைத்து மற்றதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

முதலில், செய்தியில் வரும் வளர்ச்சி விகிதம் எதை அளக்கிறது என்று பார்ப்போம். ஒரு நாட்டின் எல்லைக்குள் ஓர் ஆண்டில் அல்லது ஒரு காலாண்டில் உற்பத்தியான பொருள்கள், சேவைகள் அனைத்தின் மதிப்பையும் கூட்டினால் கிடைப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தி. விலையேற்றத்தின் பங்கைக் கழித்துவிட்டு, அந்தத் தொகை முந்தைய ஆண்டைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று கணக்கிட்டால் வளர்ச்சி விகிதம் கிடைக்கும். சிங்கப்பூரில் வர்த்தக, தொழில் அமைச்சு காலாண்டுக்கு ஒருமுறை இதை வெளியிடுகிறது. எல்லைக்குள் என்பது முக்கியம். புதுக்கோட்டையிலிருந்து வந்து துவாஸில் வேலை செய்யும் ஊழியரின் உழைப்பு சிங்கப்பூரின் உற்பத்தியில் சேரும். அவர் ஊருக்கு அனுப்பும் பணம் இந்தியாவின் உற்பத்தியாக எண்ணப்படாது. அந்தப் பணத்தைக் கொண்டு குடும்பத்தார் ஒரு வீடு கட்டினால், அந்தக் கட்டுமானம் இந்தியக் கணக்கில் வரும். ஊரில் அவருடைய தாயார் சமைப்பதும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் எந்த நாட்டின் கணக்கிலும் வருவதில்லை.

இந்தக் கணக்கு முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் சைமன் குஸ்நெட்ஸ். அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டு 1934ஆம் ஆண்டு அந்நாட்டுக் காங்கிரஸிடம் அளித்த அறிக்கையிலேயே, தேசிய வருமானத்தை வைத்து ஒரு நாட்டு மக்களின் நலனை அறிந்துவிட முடியாது என்று அவர் எச்சரித்திருந்தார். கருவியைச் செய்தவரே அதன் எல்லையையும் சொல்லிவிட்டார். எவ்வளவு விளைந்தது என்பதை மட்டுமே இந்த எண் சொல்லும். விளைந்தது யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்லாது. அதற்குத் தனியாக விசாரிக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்தே குடும்பங்கள் வாழும் ஒரு நாட்டில் மாத வருமானம் மொத்தம் 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் 5,500 வெள்ளி பெறுகிறது. மற்ற ஒன்பதும் தலா 500 வெள்ளி பெறுகின்றன. அடுத்த ஆண்டு மொத்த வருமானம் 10,800 வெள்ளியாகிறது. வளர்ச்சி 8 விழுக்காடு. எந்த நாளிதழும் இதைத் தலைப்புச் செய்தியாக்கும். ஆனால் முதல் குடும்பத்தின் வருமானம் 6,210 வெள்ளியாக உயர்ந்திருக்க, மற்ற ஒன்பது குடும்பங்களுக்கும் தலா 10 வெள்ளிதான் கூடியிருக்கலாம். அதாவது பத்தில் ஒன்பது குடும்பங்களைப் பொறுத்தவரை வளர்ச்சி வெறும் 2 விழுக்காடு. மொத்தத்தைப் பத்தால் வகுத்துத் தலா வருமானம் 1,080 வெள்ளி என்று அறிவித்தால், அந்தத் தொகையின் பாதியைக்கூட எட்டாத ஒன்பது குடும்பங்கள் அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும்.

அந்த 2 விழுக்காடும் கையில் தங்குமா என்பது விலைவாசியைப் பொறுத்தது. வளர்ச்சியிலிருந்து கழிக்கப்படும் விலையேற்றம், கார் முதல் கத்தரிக்காய் வரை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும் சராசரி. ஏழைக் குடும்பம் வாங்குவது அந்தச் சராசரிக் கூடையை அல்ல. இந்தியக் கிராமப்புறக் குடும்பங்கள் தங்கள் செலவில் ஏறத்தாழ 46 விழுக்காட்டை உணவுக்கே செலவிடுகின்றன என்று 2022-23ஆம் ஆண்டின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அது எல்லாக் கிராமக் குடும்பங்களுக்குமான சராசரி. வறிய குடும்பங்களில் இந்தப் பங்கு இன்னும் கூடுதலாக இருக்கும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் மற்றப் பொருள்களைவிட வேகமாக விலை ஏறினால், கூடிய வருமானம் சமையலறையிலேயே கரைந்துவிடும்.

சரி, புதிய வருமானம் ஏன் எல்லாருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை? பேராசை, ஊழல் என்று உடனே பதில் சொல்லத் தோன்றும். ஊழலின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் நேர்மையாக நடந்துகொண்டாலும் இந்த ஏற்றத்தாழ்வு தோன்றும் என்பதைப் புரிந்துகொள்வதுதான் அதிகப் பயன் தரும். பெரும்பாலான குடும்பங்களுக்கு வருமானம் உழைப்பின் வழியாகவே வருகிறது. ஆகவே, எந்தத் துறை வளர்கிறது, அந்தத் துறை எத்தனை பேரை, எத்தகையவர்களை வேலைக்கு எடுக்கிறது என்பதே முதன்மையான கேள்வியாகிறது. இந்தியாவில் 2023-24ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி வேலை செய்வோரில் ஏறக்குறைய 46 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருக்கிறார்கள். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் வேளாண்மையின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. நாட்டின் பெயரை உலகறியச் செய்த தகவல் தொழில்நுட்பத் துறையோ, 50 கோடிக்கும் அதிகமான தொழிலாளர் படையில் 50 லட்சத்துக்குச் சற்று அதிகமானோருக்கே நேரடி வேலை தருகிறது. பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனம் இருமடங்காக வளர்ந்தாலும், பட்டப்படிப்பும் ஆங்கிலமும் இல்லாத ஒரு விவசாயக் கூலிக்கு அங்கே நேரடியாக இடமில்லை. அவருக்குக் கிடைக்கக்கூடியது அந்த நிறுவனத்தின் காவலாளி வேலையோ கட்டட வேலையோதான்.

சிங்கப்பூரின் தொடக்கக் கால வளர்ச்சி வேறு விதமாக நடந்தது. 1961ஆம் ஆண்டு பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டு, ஜூரோங்கின் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையானபோது வந்தவற்றில் பெரும்பாலானவை ஆள்பலம் அதிகம் தேவைப்பட்ட ஆலைகள். 1960களின் இறுதியில் வந்த மின்னணுத் தொழிற்சாலைகள், அதிகம் படிக்காத இளம்பெண்களைக்கூட ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. வேலை இல்லாதவர்கள் அன்று எங்கே, எத்தகைய திறனோடு இருந்தார்களோ, அதற்கேற்ற வேலைகளே வந்தன. கூடவே வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும், சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டாயமாகச் சேமிக்கவைக்கும் மத்திய சேம நிதியும் சேர்ந்து அந்தச் சம்பளத்தைக் குடும்பத்தின் சொத்தாக மாற்றின. நகர அளவிலான ஒரு நாட்டுக்கு இது எளிதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே பின்தங்கிய கிராமப்புற மாநிலம் என்று ஒன்று இல்லை.

எண்ணெய் வளத்தால் வளரும் நாடுகள் இதற்கு நேர் எதிரானவை. நைஜீரியாவின் ஏற்றுமதியில் பெரும்பகுதி எண்ணெய். அந்த எண்ணெயை எடுக்கத் தேவைப்படும் ஆள்களோ மிகக் குறைவு. அந்நாடு 2014ஆம் ஆண்டு தன் கணக்கிடும் முறையைப் புதுப்பித்து, முன்பு சரியாக எண்ணப்படாத கைத்தொலைபேசிச் சேவை, திரைப்படத் தொழில் போன்றவற்றைச் சேர்த்தபோது, அதன் பொருளாதாரம் ஒரே நாளில் 89 விழுக்காடு பெரிதாகி ஆப்பிரிக்காவிலேயே முதலிடத்துக்கு வந்தது. எண் மாறியது, எந்த வீட்டிலும் ஒரு பிடி சோறு கூடவில்லை. 2018-19ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் மக்களில் 40 விழுக்காட்டினர், அதாவது 8 கோடிக்கும் அதிகமானோர், அந்நாட்டின் சொந்த வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். அந்த ஆண்டுகளில் பொருளாதாரம் வளர்ந்த வேகத்தைவிட மக்கள்தொகை வளர்ந்த வேகம் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருளாதாரம் 2 விழுக்காடும் மக்கள்தொகை 2.5 விழுக்காடும் கூடினால், வளர்ச்சி என்று செய்தி வரும் ஆண்டிலேயே தலைக்குக் கிடைப்பது குறைந்துபோகும்.

இதுவரை சொன்னவை வளர்ச்சி சிலரைத் தொடாமல் போவதைப் பற்றியவை. வளர்ச்சியே சிலரை வறுமைக்குள் தள்ளுவதும் உண்டு. இதற்குத் தொலைதூர உதாரணம் தேடவேண்டியதில்லை. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நம் உறவினர்கள் பலர் நேரில் கண்ட கதை அது.

மலேசியப் பொருளாதாரம் 1980களின் இறுதியிலிருந்து 1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடி வரை, ஆண்டுக்குச் சராசரியாக 8 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. 1970ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பாதியாக இருந்த வறுமை விகிதம், அந்தக் காலக்கட்டத்தின் முடிவில் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. எந்த அளவுகோலிலும் அது வெற்றிதான். அதே ஆண்டுகளில் நகரங்களை ஒட்டியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பேட்டைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறின. பால்மரத்தைவிட நிலத்தின் விலை பல மடங்கு உயர்ந்துவிட்டபோது, தோட்டத்தை விற்பதே முதலாளிக்கு ஆதாயமாக இருந்தது. இன்று மலேசியாவின் நிர்வாகத் தலைநகராக விளங்கும் புத்ராஜெயாவே பிராங் புசார் என்ற ரப்பர்த் தோட்டமும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களும் இருந்த நிலத்தில் எழுந்ததுதான்.

தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளம் குறைவு. ஆனால் அவருடைய வாழ்க்கை சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. தோட்டத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. வீட்டுக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் விளைந்தன. சிலர் மாடு வளர்த்துப் பால் விற்றார்கள். பிள்ளைகளின் பள்ளியும் கோயிலும் நடக்கும் தூரத்தில் இருந்தன. தோட்டம் மூடப்பட்டபோது இவை அனைத்தும் ஒரே நாளில் போயின. கீரைப் பாத்தி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பெரிதாக எண்ணப்பட்டதே இல்லை. ஆகவே அது அழிந்ததும் எந்தக் கணக்கிலும் இழப்பாகப் பதிவாகவில்லை. நிலத்தைச் சமன்படுத்திய புல்டோசரின் வாடகை உற்பத்தியில் சேர்ந்தது. தரகுக் கட்டணமும் சிமெண்டும் சேர்ந்தன. தொழிலாளியோ புத்ராஜெயாவுக்கு அருகிலுள்ள டெங்கிலில் கட்டப்பட்ட மலிவுவிலை அடுக்குமாடி வீடு போன்ற ஓர் இடத்துக்குப் பெயர்ந்து, இதுவரை காசு கொடுத்து வாங்காதவற்றுக்கெல்லாம் காசு கொடுக்க வேண்டியவரானார். அவருடைய கையில் இருந்த ஒரே திறன் பால்வெட்டு. அதற்குப் பட்டணத்தில் விலை இல்லை.

தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று வருணிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடன், மதுப்பழக்கம், பிள்ளைகளின் அரைகுறைப் படிப்பு ஆகியவை அங்கேயே தொடங்கியவை. ஆனாலும் இதில் கவனிக்க வேண்டிய நிர்வாகக் காரணம் ஒன்று உண்டு. தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் அரசின் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் அவற்றின் வேலிக்குள் நுழையவில்லை. பட்டணத்துக்கு வந்த பிறகோ அவர்கள் கிராமப்புற ஏழைகள் என்ற பட்டியலிலேயே இல்லை. நாட்டின் வருவாய் பெருகியது; அதைப் பங்கிட்டுக் கொடுத்த திட்டங்களின் வரையறைக்குள் இவர்கள் விழவில்லை. மீதமிருந்த செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்ததால், அங்கேயே தங்க விரும்பியவர்களுக்கும் சம்பளத்தைப் பேரம் பேசும் பலம் இல்லாமல் போனது.

ஏழைகள் என்பவர்கள் ஒரே நிலையான கூட்டம் என்று நினைப்பதும் சரியன்று. ஆண்டுதோறும் பலர் வறுமையிலிருந்து வெளியேறுகிறார்கள். வேறு பலர் உள்ளே விழுகிறார்கள். விழுவதற்கு மிகப் பொதுவான காரணம் நோய். இந்தியாவில் 2013-14ஆம் ஆண்டில் மொத்த மருத்துவச் செலவில் 64 விழுக்காட்டை மக்களே நேரடியாகக் கைப்பணத்திலிருந்து கொடுத்தார்கள். 2021-22ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 39 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய முன்னேற்றம்தான். எனினும் ஓர் அறுவை சிகிச்சைக்காக நகையையும் நிலத்தையும் அடகு வைத்த குடும்பம், பொருளாதாரம் வளர்கிறது என்பதால் மட்டும் அவற்றை மீட்டுவிட முடியாது. அந்த மருத்துவமனைக் கட்டணமும் நாட்டின் உற்பத்தியில் ஒரு பகுதியாகச் சேர்ந்துகொள்கிறது என்பது இந்தக் கணக்கின் விசித்திரங்களுள் ஒன்று.

இங்கேதான் அரசின் பங்கு வருகிறது. ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே மத்திய அரசு இருந்தும், வருமானத்தைப் பார்க்காமல் ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, குடிநீர், கழிப்பறை முதலியவற்றைப் பார்க்கும், இந்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கின்படி, 2019-21ஆம் ஆண்டுகளில் பீகாரில் 33.76 விழுக்காட்டினர் ஏழைகள், தமிழ்நாட்டில் 2.20 விழுக்காட்டினர், கேரளத்தில் 0.55 விழுக்காட்டினர். இத்தனைக்கும் பீகார் இந்த நூற்றாண்டில் சில ஆண்டுகள் இரட்டை இலக்க வளர்ச்சி கண்ட மாநிலம். தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சியில் 1956ஆம் ஆண்டு தொடங்கி, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்ட மதிய உணவுத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்கள், நியாயவிலைக் கடைகள் ஆகியவை, அடுத்த தலைமுறைக்குத் தொழிற்சாலை வேலை வந்தபோது அதைப் பிடித்துக்கொள்ளும் உடலையும் எழுத்தறிவையும் கொடுத்தன. வளர்ச்சி வந்த பிறகு பள்ளி கட்டலாம் என்று காத்திருக்கும் இடத்தில், வளர்ச்சி வரும்போது அதில் ஏறுவதற்கு ஆள் தயாராக இருப்பதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் வளர்ச்சியே தேவையில்லை என்று யாரேனும் முடிவுகட்டினால் அது பெரும் பிழை. நாற்பது ஆண்டுகளில் சீனாவில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டது வேகமான வளர்ச்சி இல்லாமல் நடந்திருக்காது. இந்தியாவிலும் 2005-06ஆம் ஆண்டுக்கும் 2019-21ஆம் ஆண்டுகளுக்கும் இடையில், ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டத்தின் பல்பரிமாணக் கணக்கின்படி, ஏழைகளின் விகிதம் 55 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாக இறங்கியது. அந்த 16 விழுக்காடு என்பதே சுமார் 23 கோடிப் பேர். ஆகவே வறுமை வேகமாகக் குறைந்தது என்பதும் பரவலாக இருக்கிறது என்பதும் ஒரே நாட்டைப் பற்றி ஒருசேர உண்மையாகின்றன.

வறுமையின் அளவே நாம் எங்கே கோடு கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும். மலேசியா குடும்ப மாத வருமானம் 980 ரிங்கிட் என்று கோடு வைத்திருந்ததால் அங்கே வறுமை 0.4 விழுக்காடுதான் என்று சொல்லப்பட்டது. ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் 2019ஆம் ஆண்டு இதைக் கடுமையாக விமர்சித்தார். மறு ஆண்டு கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டதும், 2019ஆம் ஆண்டுக்கான விகிதமே 5.6 விழுக்காடு என்றானது. உலக வங்கியும் தன் கடும் வறுமைக் கோட்டை 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாளொன்றுக்கு 2.15 அமெரிக்க டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது.

சிங்கப்பூரில் அதிகாரபூர்வ வறுமைக் கோடு என்று ஒன்று இல்லை. இங்கே பசி, பட்டினி என்ற பொருளில் பரவலான வறுமையும் இல்லை. ஆனால் வளர்ச்சி எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வி இங்கும் உண்டு. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு, எல்லாருக்கும் சம வருமானம் என்றால் 0 என்றும் ஒருவரிடமே எல்லாம் இருந்தால் 1 என்றும் அமையும். 2023ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அது 0.433, அரசின் வரிகளையும் உதவித்தொகைகளையும் கணக்கில் சேர்த்த பிறகு 0.371. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளிதான் வளர்ச்சியின் பலனை அரசு எவ்வளவு நகர்த்திக் கொடுக்கிறது என்பதன் அளவு. இன்னொரு பக்கம், தனியே வாழும் மூத்தவர் ஒருவர் அடிப்படைத் தேவைகளோடு வாழ மாதம் 1,379 வெள்ளி வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு உள்ளூர் ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னபோது, நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டி சேகரிப்பவர்களைப் பற்றிய பேச்சுக்கு ஓர் எண் கிடைத்தது.

துப்புரவாளர்களின் சம்பளம் இதற்கு நல்ல பாடம். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பொருளாதாரம் நன்றாக வளர்ந்தபோதும் அவர்களுடைய சம்பளம் தேங்கிக் கிடந்தது. துப்புரவுப் பணி குத்தகைக்கு விடப்படுவதும், மிகக் குறைந்த விலை கேட்கும் நிறுவனத்துக்கே குத்தகை போவதும், அந்த விலைக் குறைப்பு ஊழியரின் சம்பளத்திலிருந்தே எடுக்கப்படுவதும் அதற்குக் காரணம். வளர்ச்சி தானாக அதைச் சரிசெய்யவில்லை. படிப்படியாக உயரும் சம்பள முறை துப்புரவு நிறுவனங்களின் உரிமத்தோடு இணைக்கப்பட்ட 2014ஆம் ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி. 2023ஆம் ஆண்டு ஜூலையில் பொதுத் துப்புரவாளருக்கு அது 1,570 வெள்ளியாகவும், 2025ஆம் ஆண்டு ஜூலையில் 1,910 வெள்ளியாகவும் உயர்ந்தது. இந்த விதி சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொருந்தும். அதே துறையில் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியருக்கு அது பொருந்தாது. அவருடைய சம்பளம் எவ்வளவு என்பதை முடிவுசெய்வதில் சிங்கப்பூரின் வளர்ச்சி விகிதத்தைவிட, அவருடைய ஊரில் அந்த வேலைக்குக் காத்திருப்போரின் எண்ணிக்கைக்கே இன்னும் அதிகப் பங்கு இருக்கிறது.